புறவழிக் காற்று

தமிழாசிரியனாக முப்பத்து மூன்று ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். இலக்கணத்தையும் இலக்கியத்தையும் ஆசிரியர் திருமுன் அமர்ந்து முறையாகக் கற்றேன். மிதிவண்டிச் சக்கரத்தில் சங்கிலி கழன்றால் மாட்டத் தெரியாதவன் என்று என் இல்லத்தார் என்னை நகையாடுவர், அது மெய்யே. அத்தகையவன் வானூர்திப் பொறியைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. என் மாணவர் ஒருவருக்கு நான் நெடுநாளாகக் கடன்பட்டிருக்கிறேன்.

1991ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பில் 'நான் வியந்த பொருள்' என்னும் தலைப்பில் கட்டுரை வரையச் சொல்லியிருந்தேன். கோயிற் கோபுரத்தையும் கடலையும் பற்றிப் பலர் எழுதினர். ஒரு சிறுவன் மட்டும் பெரிய பயணியர் வானூர்தியின் பொறியைப் பற்றி எழுதியிருந்தான். நூலகத்தில் கிடந்த பழைய ஆங்கில இதழொன்றில் அதன் உட்புறப் படத்தைக் கண்டு, அதனைப் பென்சிலால் அழகுற வரைந்தும் இருந்தான். "இந்தப் பொறி இழுக்கும் காற்றில் பெரும்பகுதி நெருப்புக்குள் போவதே இல்லை, அது பைபாஸ் ஆகிவிடுகிறது. அந்தப் பைபாஸ் காற்றுதான் விமானத்தைத் தள்ளுகிறது" என்பது அவன் எழுதிய தொடர். 'பைபாஸ்' என்று வந்த இடமெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'தமிழில் எழுதுக' என்று குறித்தேன்.

அவன் எழுந்து நின்றான். "ஐயா, அதற்குத் தமிழில் என்ன எழுத வேண்டும்?" என்று பணிவோடு வினவினான்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல என் முப்பது வயதுச் செருக்கு இடந்தரவில்லை. "தமிழில் சொல்லத்தக்க பொருளை எடுத்துக்கொண்டு எழுது. இரும்புக்கடைச் சரக்கெல்லாம் தமிழுக்கு எதற்கு?" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் அமர்ந்தான். அமர்ந்ததும் அழிப்பானை எடுத்து அந்தப் படத்தை மெல்ல அழித்ததை என் கண்ணால் கண்டேன். கண்டும் வாளாவிருந்தேன். அதன்பின் அவன் கோபுரத்தைப் பற்றியும் கடலைப் பற்றியும் பிழையின்றி எழுதினான். நல்ல மதிப்பெண்ணும் பெற்றான். அந்தக் கட்டுரைகளில் உயிர் இல்லை.

முப்பத்தோராண்டு கழிந்தது. 2022ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வாழும் என் மகளின் இல்லத்துக்குச் சென்றேன். வானூர்தியில் ஏறியது அதுவே முதன்முறை. இறக்கைக்குச் சற்றுப் பின்னால் சாளரத்தருகே எனக்கு இருக்கை வாய்த்தது. இறக்கையின் கீழே கல்யாண அண்டாவினும் பன்மடங்கு பெரிய பொறி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பத்து மணி நேரத்துக்கு மேலாக அதனையே பார்த்துக்கொண்டு சென்றேன். புகை இல்லை, நெருப்பும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆற்றுமடையில் நீர் பாய்வது போன்ற ஓர் இரைச்சல் மட்டும் இடையறாது கேட்டது. இத்தனை பேரையும் இத்தனை பொதிகளையும் சுமந்து செல்வது எது என்னும் வினா எழுந்தபோது, அந்தச் சிறுவனின் முகமும் உடன் எழுந்தது.

அவர் டார்பி என்னும் நகரில் பொறியாளராக இருக்கிறார் என்று முன்பே கேள்வியுற்றிருந்தேன். மகள் வாயிலாகச் செய்தி அனுப்பினேன். மறு ஞாயிறன்றே வந்து என்னை அழைத்துச் சென்றார். தலை சற்று நரைத்திருந்தது. "ஐயா" என்று அழைத்த குரல் மட்டும் மாறவில்லை.

டார்பி நகரின் நடுவே டெர்வென்ட் என்னும் சிற்றாறு ஓடுகிறது. அதன் கரையில் 1721ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய பட்டாலை ஒன்று இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். பல டன் எடையுள்ள பொறி ஒன்று தலைக்கு மேலே கூரையிலிருந்து தொங்குகிறது! ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் படைத்த 'ட்ரெண்ட் 1000' என்பது அதன் பெயர். "ஐயா வந்த வானூர்தியிலும் இவ்வகைப் பொறிதான் இருந்தது" என்றார் மாணவர்.

பெயரைப் பற்றி நான் வினவாமல் இருப்பேனா? ட்ரெண்ட் என்பதும் ஓர் ஆறு. டார்பி நகரைக் கடந்து செல்லும் டெர்வென்ட் அந்த ஆற்றில்தான் கலக்கிறது. பழைய வானூர்திப் பொறிகள் உருளைக்குள் எரிபொருளை விட்டுவிட்டு வெடிக்கச்செய்து ஓடியவை. புதிய தாரைப் பொறியிலோ காற்றும் நெருப்பும் இடைவிடாமல் ஓடுகின்றன. அந்த ஓட்டத்தைக் குறிக்கவே அந்நிறுவனத்தார் தம் தாரைப் பொறிகளுக்கு ஆறுகளின் பெயரை இட்டனராம். டெர்வென்ட், ஏவான், கான்வே, ஸ்பே, ட்ரெண்ட் என்று அவ்வரிசை நீளுகிறது. நம் நாட்டார் போர் வானூர்திக்கென உருவாக்க முயன்ற பொறிக்கும் காவேரி என்பதே பெயர் என்று அவர் சொன்னபோது, அங்கு நின்றிருந்த வெள்ளையர் திரும்பிப் பார்க்குமளவுக்கு நான் உரக்க மகிழ்ந்துவிட்டேன்.

பொறியின் முகப்பில் மாபெரும் விசிறி ஒன்று இருக்கிறது. அதன் விட்டம் 2.85 மீட்டர். நம் வீட்டு மின்விசிறிக்கு மூன்று இறக்கைகள், இதற்கு 20. இதனை இறக்கை என்று சொன்னால் வானூர்தியின் இறக்கையோடு மயங்கும். வாளின் வெட்டும் தகட்டை அலகு என்பது தமிழ் மரபாதலின், நான் அலகு என்றே எழுதுகிறேன். புறப்படும் நேரத்தில் இவ்விசிறி நொடிக்கு ஒரு டன்னுக்கும் மிகுதியான காற்றை உள்ளிழுக்கிறது. இழுத்த காற்று உடனே இரண்டாகப் பிரிகிறது. சிறுபகுதி நடுவிலுள்ள குழலுக்குள் நுழைகிறது. அங்கே அமுக்கி என்னும் பகுதி அதனை ஏறத்தாழ 50 மடங்கு அழுத்தம் பெறுமளவு நெருக்குகிறது. நெருக்குண்ட காற்று எரிகலத்தை அடைந்து எண்ணெயோடு எரிந்து, பொங்கி, பின்னேயுள்ள சுழலியைச் சுழற்றிக்கொண்டு வெளியேறுகிறது. சுழலி சுழல, அதனோடு ஒரே தண்டில் பிணைந்துள்ள முன்விசிறியும் சுழல்கிறது. மற்றப் பெரும்பகுதிக் காற்று நெருப்பை அணுகுவதே இல்லை. நடுக்குழலைச் சூழ்ந்துள்ள வெளிவழியே ஓடிப் பின்புறம் பாய்கிறது. உள்ளே ஒரு பங்கு சென்றால் வெளியே ஏறத்தாழப் பத்துப் பங்கு செல்கிறது. வானூர்தியைத் தள்ளும் விசையின் பெரும்பகுதி இந்தப் பத்துப் பங்கிலிருந்தே கிடைக்கிறது.

"நெருப்பில் காய்ந்த காற்றல்லவா வலிமை உடையது? எரியாத காற்று எப்படித் தள்ளும்?" என்று கேட்டேன். மாணவர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினார். அதனை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு பங்கு காற்றைப் பத்து மடங்கு விரைவில் பின்னே தள்ளினாலும், பத்துப் பங்கு காற்றை ஒரு மடங்கு விரைவில் தள்ளினாலும் கிடைக்கும் உந்துவிசை ஒன்றே. செலவு ஒன்றன்று. விரைவு இரு மடங்கானால் அதற்கு வேண்டும் ஆற்றல் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்காகும். ஆகவே முதல் வழிக்கு ஆற்றல் நூறு என்றால், இரண்டாம் வழிக்குப் பத்தே போதும். பறந்துகொண்டிருக்கும் வானூர்தியில் கணக்கு இவ்வளவு எளிதாக அமையாது. எனினும் கருத்து இதுதான்.

என் அன்னை அடுப்படியில் வைத்திருந்த இரண்டு பொருள்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. ஒன்று ஊதாங்குழல், மற்றொன்று பனையோலை விசிறி. குழலால் ஊதினால் காற்று கூர்மையாகப் பாயும். நாலு முறை ஊதுவதற்குள் கன்னம் வலிக்கும். விசிறியோ மெல்ல அசைத்தாலே அறை முழுவதும் காற்றை நகர்த்தும். முற்காலத்துத் தாரைப் பொறி ஊதாங்குழல். இந்தப் பொறி ஓலை விசிறி. இதனைச் சொன்னதும் மாணவர் வாய்விட்டுச் சிரித்தார். "இவ்வளவு நாள் இது எனக்குத் தோன்றவில்லையே, ஐயா!" என்றார். இரைச்சல் குறைந்ததற்கும் இதுவே முதன்மையான காரணம் என்றார் அவர். சீறிப் பாயும் வெந்தாரையைச் சுற்றி மெதுவான காற்று போர்வைபோல் சூழ்ந்து வருகிறது.

அப்போதுதான் நான் அஞ்சிக்கொண்டிருந்த இடத்துக்குப் பேச்சு வந்தது. "இந்த வெளிவழிக்கு இப்போது என்ன பெயர் சொல்கிறீர்கள்?" என்றேன். அவர் சற்றுத் தயங்கினார்.

"புறவழி என்று சொல்லலாம், ஐயா. கல்லூரியில் சேரப் பேருந்தில் போனபோது நம் ஊர் எல்லையில் பலகையைப் பார்த்தேன். 'புறவழிச்சாலை' என்று எழுதியிருந்தது. இறங்கி ஓடிவந்து உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. துணிவு வரவில்லை."

அந்தப் பலகையை நான் எத்தனை முறை கடந்து சென்றிருப்பேன்! ஊருக்குள் நுழையாமல் ஊரைச் சுற்றிச் செல்லும் வழி புறவழி; நெருப்புக்குள் நுழையாமல் நெருப்பைச் சுற்றிச் செல்லும் வழியும் புறவழியே. பொருளையெல்லாம் அகம் என்றும் புறம் என்றும் வகுத்த மொழியைக் கற்பித்துக்கொண்டு, அகத்தே செல்லும் காற்றுக்கும் புறத்தே செல்லும் காற்றுக்கும் பெயர் இல்லை என்று ஒரு சிறுவனைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன். அன்று நடந்ததற்காக வருந்துவதாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "இந்தப் பக்கம் வாருங்கள், அலகைக் காட்டுகிறேன்" என்று இழுத்துச் சென்றுவிட்டார்.

அலகின் கதையை நான் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

முதன்முதல் வந்த பயணியர் தாரை வானூர்திகளுக்குப் புறவழி இல்லை. 1952இல் பறக்கத் தொடங்கிய காமெட் அத்தகையது. பின்னர் வந்த கான்வே பொறியில் புறவழி இருந்தது. ஆயினும் அதில் சென்ற காற்று உள்வழிக் காற்றைவிடக் குறைவே. ஒரே வானூர்தியில் முந்நூறு நானூறு பேரை ஏற்றிச்செல்லும் அகன்ற உடல் வானூர்திகளைக் கட்ட எண்ணியபோதுதான் பெரிய விசிறியின் தேவை பிறந்தது. 1970 சனவரி 22 அன்று போயிங் 747 நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்குத் தன் முதல் பயணியர் பயணத்தை மேற்கொண்டது. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் பொறிகள் நான்கு அதில் இருந்தன. புறவழியில் ஏறத்தாழ ஐந்து பங்கு காற்று சென்றது. அன்றுகூட ஒரு பொறி மிகையாகச் சூடேறியமையால், பயணியரை வேறொரு வானூர்திக்கு மாற்றி ஏற்ற நேர்ந்தது.

அதே காலத்தில் டார்பியில் 'ஆர்.பி.211' என்னும் பொறியை உருவாக்கிக்கொண்டிருந்தனர். அமெரிக்க நாட்டு லாக்கீடு நிறுவனத்தின் டிரைஸ்டார் வானூர்திக்காக 1968இல் அதற்கு ஒப்பந்தம் ஆயிற்று. பொறிக்குள் ஒரு தண்டுக்குள் ஒரு தண்டாக மூன்று தண்டுகளை அமைத்து, மூன்றையும் வெவ்வேறு விரைவில் சுழலவிடுவது அவர்களுடைய புதுமை. இன்றைய ட்ரெண்டிலும் அம்முறையே உள்ளது. வெளிவிசிறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,700 சுற்றுச் சுற்றும்போது, உள்ளே உயரழுத்தப் பகுதி 13,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. மற்றொரு புதுமை, விசிறியின் அலகைக் கரியிழையால் செய்தது. உலோகத்தைவிட அது மிகவும் இலேசானது.

இலேசாக இருந்தால் மட்டும் போதுமா? வானில் பறவைகள் பறக்கின்றனவே! ஆகவே இறந்த கோழியைக் காற்றுத் துப்பாக்கியால் சுழலும் விசிறிமேல் செலுத்திச் சோதிப்பது வழக்கம். 1970இல் நடந்த அச்சோதனையில் கரியிழை அலகுகள் தாக்குப் பிடிக்கவில்லை, நொறுங்கின. பறவையின் மூக்குக்கும் அலகு என்றே பெயர். அலகும் அலகும் மோதியதில் இரண்டுமே தோற்றன. டைட்டேனிய உலோகத்துக்கு மாற வேண்டியதாயிற்று. பொறி எடை கூடியது. வாக்களித்த உந்துவிசையும் கிட்டவில்லை. செலவு மேன்மேலும் பெருகியது. 1971 பிப்ரவரி 4 அன்று, உலகெங்கும் பெயர்பெற்ற அந்த நிறுவனம் நொடித்துப்போனது. பிரிட்டிஷ் அரசு அதனை ஏற்று நடத்த முன்வந்தது. லாக்கீடு நிறுவனமும் உடன் தள்ளாடியது. அதனைத் தாங்கும் கடனுறுதிச் சட்டம் அமெரிக்க மேலவையில் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் நிறைவேறிற்று. டார்பியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அந்த ஒரு பொறியை நம்பி இருந்தது.

அப்போது ஸ்டான்லி ஹூக்கர் என்னும் முதியவரை மீண்டும் டார்பிக்கு அழைத்தனர். அவர் கணிதம் பயின்றவர். 1938இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தவர். மேலோரோடு மனம் வேறுபட்டுப் பிரிஸ்டல் நகருக்குச் சென்றவர். அறுபதைக் கடந்து ஓய்விலிருந்தவர். வந்தவர் தம்மைப்போல் ஓய்வுபெற்றிருந்த மூத்தோர் சிலரையும் உடன் அழைத்துக்கொண்டார். குறைகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினர். 1972 ஏப்ரலில் ஆர்.பி.211 பொறிகளோடு டிரைஸ்டார் பயணியரை ஏற்றிப் பறந்தது. ஓய்வுபெற்றவனாதலின் இந்தப் பகுதியை என் மாணவரிடம் இருமுறை சொல்லச்சொல்லிக் கேட்டேன். தாம் பெரிய பொறியாளர் அல்லர் என்னும் பொருள்படவே ஹூக்கர் தம் வாழ்க்கை வரலாற்றுக்குத் தலைப்பிட்டார் என்று கேட்டபோது, எனக்கு அவர்மேல் அன்பு மிகுந்தது.

தோற்ற கரியிழையை உலகம் அதனோடு விட்டுவிடவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் 1995இல் பயணத்துக்கு வந்த தம் பொறியில் கரியிழை அலகுகளையே வைத்தனர். ஆனால் காற்றை எதிர்கொள்ளும் விளிம்புக்கு டைட்டேனியத்தால் கவசம் இட்டனர். டார்பியார் வேறு வழி கண்டனர். டைட்டேனியத் தகடுகளை ஒன்றாகப் பிணைத்து, உலையில் காய்ச்சி, இடையே வளியைச் செலுத்தி உப்பச் செய்கின்றனர். எண்ணெயில் பூரி உப்புவதுபோல் அது உப்பி, உள்ளே கூடாகி, இலேசான அலகாகிறது. உவமை என்னுடையது, பொறியாளர்மேல் பழி இல்லை.

முன் அலகினும் வியப்புக்குரியது பின்னேயுள்ள சுழலியின் அலகு. அது உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன்மேல் பாயும் நெருப்புக் காற்றின் வெப்பம் அந்த உலோகம் உருகும் வெப்பத்தையும் விஞ்சியது. பின் ஏன் உருகவில்லை? நிக்கல் கலந்த உலோகத்தை ஒரே படிகமாக வளர்த்து அந்த அலகைச் செய்கின்றனர். அலகினுள் நுண்ணிய வழிகளும், மேனியில் மயிர்க்கால் போன்ற துளைகளும் உள்ளன. அமுக்கியிலிருந்து எடுத்த காற்று அத்துளைகளின் வழியே கசிந்து அலகின்மேல் மெல்லிய ஆடைபோல் படர்கிறது. நெருப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே அந்த ஆடை நிற்கிறது. அந்தக் காற்றும் சூடானதே. நெருப்பை நோக்கக் குளிர்ச்சி, அவ்வளவுதான்.

இத்தனை அறிந்தும் குறை நேராமல் இல்லை. இந்த ட்ரெண்ட் 1000 வகையிலேயே 2016 முதல் சுழலி அலகுகள் சிலவற்றில் அரிப்பும் வெடிப்பும் காணப்பட்டு, பல வானூர்திகள் தரையில் நின்றன. மாணவர் இதனை மறைக்காமல் சொன்னார். தம் ஊர்ப் பொருளின் குறையைத் தாமே சொல்லும் அந்த நேர்மையை நான் அவருக்குக் கற்பிக்கவில்லை.

"விசிறி பெரிதாகப் பெரிதாக நன்மை என்றால், வீட்டளவு செய்துவிடலாமே?" என்றேன். பெரிதானால் எடை கூடும். எதிர்க்காற்றின் தடையும் கூடும். இறக்கைக்கும் தரைக்கும் இடையே தொங்க இடமும் வேண்டும் என்றார். போயிங் 777எக்ஸ் வானூர்திக்கென உருவான பொறியின் விசிறி இப்போதே 3.4 மீட்டர் விட்டம் உடையது. அதன் அலகுகளோ 16ஆகக் குறைந்துவிட்டன.

மாலையில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் அமர்ந்தோம். என் குறிப்பேட்டைத் திறந்து, அன்று கேட்டவற்றைத் தமிழில் எழுதத் தொடங்கினேன். சொல் கிடைக்காத இடத்தில் நான் நிறுத்துவேன், அவர் பொருளை விளக்குவார், இருவரும் தேடுவோம். கிடைக்காதபோது, "தெரியவில்லை, தம்பி" என்று சொல்வது எனக்கு இப்போது கடினமாக இல்லை. கடைசிப் பக்கத்தில் பொறியின் படத்தை வரைந்து தருமாறு வேண்டினேன். பேனாவால் வரைந்து கொடுத்தார்.

ஊர் திரும்பிய பின்னும் எங்களுக்குள் மடல்கள் போய்வருகின்றன. சில வேளைகளில் அமுக்கிக்குள் காற்றின் ஓட்டம் திடீரெனக் கலைந்து, முன்னோக்கி எதிர்த்துப் பாய்ந்து, பேரொலி எழுமாம். அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தார். 'விக்கல்' என்று எழுதினேன். அது மிகச் சிறிது என்று திருப்பிவிட்டார். 'ஓங்கரிப்பு' என்று எழுதினேன். பொறிக்கு வயிறு உண்டா ஐயா என்று கேட்டு நேற்று மறுமொழி வந்திருக்கிறது.